பச்சை வயரின் மறுமுனை

பதிவேட்டு ஆணையத்தில் எதுவும் இரண்டு இருக்கக் கூடாது. இது எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, மாட்டிவைத்த விதி. நான்கு மாடிக் கட்டடத்துக்கு ஒரே ஒரு சுவர்க் கடிகாரம். அது முதல் மாடியில் இருந்தது. மற்ற மாடிக்காரர்கள் படி இறங்கி வந்து மணி பார்த்துவிட்டு, திரும்பி ஏறுவதற்குள் பழசாகிவிட்ட நேரத்தோடு வேலையைத் தொடர்ந்தார்கள். கழிப்பறையும் ஒன்றுதான். அதைப் பற்றி விரிவாகச் சொல்லாமல் விடுகிறேன். வாசல் வளைவில் பெரிய எழுத்தில் 'ஒரு ஆள், ஒரு தடவை' என்று செதுக்கியிருந்தது.

ஊரிலுள்ள நாற்பத்தொரு லட்சம் பேரும் அந்த ஆணையத்தின் பதிவேட்டில் இருந்தார்கள். பதிவேட்டில் எண் இருந்தால்தான் வேலை, வாடகைக்கு வீடு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரியில் படுக்கை எல்லாம். எண் இல்லாமல் போனவர்களுக்கு என்ன ஆகிறது என்று யாரும் ஆணையத்திடம் கேட்டதில்லை. கேட்பதற்கு முதலில் எண்ணைச் சொல்ல வேண்டியிருந்தது.

அங்கே ஒப்பந்த வேலையில் இருந்தவர்தான் கேபிள்காரர். இருபது வருஷமாக வயர் இழுத்து இழுத்து, உள்ளங்கை காய்த்துப்போனவர். அதிர்ந்து பேசத் தெரியாது. அவருடைய மனைவிக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. இரண்டு படி ஏறினால் மூன்றாவது படியில் உட்கார்ந்துவிடுவாள். எட்டு மாதம் காத்திருந்து ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்திருந்தது. வரும் வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. அந்தத் தேதியும் பதிவேட்டில்தான் இருந்தது, அவள் எண்ணுக்கு நேரே.

இந்தச் சமயம் பார்த்துத்தான் பதிவேட்டுக்கான புது சர்வர் வந்து இறங்கியது.

பழைய சர்வர் தன் வயிற்றுக்குள்ளேயே டிஸ்க்கை வைத்திருந்த ரகம். புதுசு அப்படியில்லை. அதற்குள் டிஸ்க்கே கிடையாது. பதிவேடு முழுக்க அடங்கிய டிஸ்க் முற்றத்துக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் கட்டடத்தில், ஒரு ஸ்டோரேஜ் பெட்டிக்குள் இருந்தது. சர்வரின் பொத்தானை அமுக்கினால் அது வயர் வழியாக அங்கே போய், தான் யார், தன் வேலை என்ன என்று படித்துத் தெரிந்துகொண்டு வந்துதான் எழுந்திருக்கும். ஒரு வயர் அறுந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு வயர்: ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

இதில் ஒரு சின்னச் சங்கடம் உண்டு. இரண்டு வழியாகவும் எட்டிப் பார்க்கும் சர்வருக்கு, அந்த ஒரே டிஸ்க் இரண்டு டிஸ்க்காகத் தெரியும். 'அடேய், இரண்டும் ஒன்றுதான்' என்று அதற்குப் புரியவைக்க மல்ட்டிபாத் என்று ஒரு மென்பொருள் போட வேண்டும். அதற்கு அனுமதி கேட்டுக் கேபிள்காரர் மனு கொடுத்திருந்தார். மனு போன இடம் இரட்டை நீக்கப் பிரிவு.

திங்கட்கிழமை மத்தியானம் அந்தப் பிரிவின் நீக்கல் அதிகாரி நேரில் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் ஒரே ஒரு பேனா, அதில் சிவப்பு மை. திரையைக் குனிந்து பார்த்தார். இரண்டு வரிகள். ஒரே அளவு, ஒரே வரிசை எண், ஒரே உள்ளடக்கம். அவர் முகம் மலர்ந்தது. புதையல் எடுத்தவர்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

"ரெண்டு இருக்கே."

"இல்ல சார், ஒண்ணுதான். ரெண்டு வழியா பார்க்கறதால ரெண்டா தெரியுது."

"தெரியுதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் இல்லைன்னும் சொல்றீங்க. எதை எழுதிக்கறது?"

கேபிள்காரர் தலையைச் சொறிந்தார். வாயால் சொல்லிப் புரியாததைக் கண்ணால் காட்டிவிடலாம் என்று அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த யோசனை தோன்றாமலே இருந்திருக்கலாம்.

மறுநாள் அவர் நீக்கல் அதிகாரியை இரண்டாவது மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இரண்டு நடைகளுக்கு நடுவில் ஒரு சின்ன அறை. கிழக்கு நடைக்கு ஒரு கதவு, மேற்கு நடைக்கு ஒரு கதவு. உள்ளே பியூன் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், இந்தக் கிழக்குக் கதவு வழியா பாருங்க. யார் இருக்காங்க?"

"ஒரு பியூன். டீ குடிக்கறான்."

சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார்கள்.

"இப்போ மேற்குக் கதவு வழியா பாருங்க."

"ஒரு பியூன். அவனும் டீ குடிக்கறான்."

"பார்த்தீங்களா சார்? கதவு ரெண்டு. ஆள் ஒண்ணு."

நீக்கல் அதிகாரி சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். "ரொம்ப நன்றி. இத்தனை வருஷமா இதை யாருமே என் கவனத்துக்குக் கொண்டுவரல. ரெண்டு பியூன். ஒரே மூஞ்சி, ஒரே சட்டை, வேலை நேரத்துல ஒரே டீ."

சாயங்காலத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. 'கிழக்குக் கதவு வழியாகக் காணப்படும் பியூன் மிகையானவர் எனக் கண்டறியப்பட்டு, இன்று முதல் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறார்.' பியூன் அதை மூன்று முறை படித்தார்.

"அண்ணே, நான் வேணா மேற்குக் கதவு பியூனா நாளைக்கு வந்துடட்டுமா? அவனை நீக்கலையே?"

"வாங்க, பேசிப் பார்க்கலாம்" என்றார் கேபிள்காரர். காட்டிக்கொடுத்தது தானே என்ற நினைப்பு அவரை விடவில்லை.

புதன்கிழமை காலை பியூன் வந்தார். வாசல் கேட்டில் எண்ணைச் சொன்னார். கேட் திறக்கவில்லை. அப்படி ஓர் எண் இல்லை என்றார் காவலாளி, தினமும் அவரிடம் நெருப்பு வாங்கிப் பீடி பற்றவைக்கிற அதே காவலாளி. பியூன் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு அங்கே இல்லை. பத்தரை மணிக்கு நீக்கல் அதிகாரி மேற்குக் கதவு வழியாக எட்டிப் பார்த்து, காலி ஸ்டூலைக் கண்டு, 'மேற்குக் கதவுப் பியூன் அனுமதியின்றி விடுப்பு' என்று குறித்துக்கொண்டார்.

பதினொரு மணிக்கு, கேபிள்காரரையும் வரச்சொல்லி, ஆணையக் குழு கூடியது. தலைமைப் பதிவாளர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பருத்த, சாந்தமான மனிதர். குரலை உயர்த்தியதே இல்லை. அவர் அமைதியாகச் சொன்ன எதுவும் நடக்காமல் போனதும் இல்லை. மேஜைக்கு ஒரே நாற்காலி என்பதால் மற்றவர்கள் நின்றார்கள்.

"நண்பர்களே, போன வருஷம் மூணு லட்சம் பேரை நீக்கினோம். ஆரம்பத்துல எனக்கும் மனசு உறுத்தத்தான் செஞ்சது. யாராவது தப்பா போயிருப்பாங்களோன்னு. அதனால புகார்ப் பிரிவுக்கு நானே போய் உட்கார்ந்தேன். ஒரு மாசம் உட்கார்ந்தேன். நீக்கப்பட்டவங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட வந்து புகார் கொடுக்கல. அன்னிக்குத்தான் எனக்கு நிம்மதியா தூக்கம் வந்தது."

எல்லோரும் கைதட்டினார்கள். கேபிள்காரரும் தட்டினார். தட்டாமல் நின்ற கை தனியாகத் தெரியும் என்ற பயம்.

"இப்போ டிஸ்க் விஷயம்" என்றார் தலைமைப் பதிவாளர். "ஊரையே ஒத்தையா ஆக்கற நாம, நம்ம வீட்டுக்குள்ளேயே ரெட்டையை வச்சுக்கலாமா? ரெண்டாவது டிஸ்க்கை நாளைக் காலை பத்து மணிக்குள்ள அழிச்சிடணும்."

கேபிள்காரர் ஓரடி முன்னால் வந்தார். "ஐயா, ரெண்டாவதை அழிச்சா முதல்ல இருக்கறதும் போயிடும். ரெண்டும் ஒண்ணுதான். நாற்பத்தொரு லட்சம் பேர் பேரும் அதுலதான் இருக்கு."

"போனா நகல்லேர்ந்து எடுத்துக்கோங்க."

"நகல் இல்லைங்க ஐயா. பழைய டிஸ்க்கையும் புதுசு வந்த அன்னிக்கே அழிச்சாச்சு. கீழ்த்தளத்துல நகல் ஒண்ணு இருந்தது. போன வருஷம் அதையும்..."

நீக்கல் அதிகாரி அடக்கத்தோடு தலைகுனிந்தார். அந்த நகலைக் கண்டுபிடித்து ஒழித்ததற்காக அவருக்குத் தரப்பட்ட பித்தளைப் பட்டயம் சட்டையில் மினுங்கியது.

"பாருங்க" என்றார் தலைமைப் பதிவாளர் கனிவாக. "நீங்க ஒருத்தர்தான் எல்லாம் போயிடும்னு சொல்றீங்க. நாங்க ஒன்பது பேர் போகாதுங்கறோம். உங்க ஒப்பந்தம் எப்போ முடியுது?"

கேபிள்காரர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

சாயங்காலம் வீட்டில் மனைவி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு நைட்டி, ஒரு துண்டு, சீப்பு, படித்து முடிக்காத ஒரு நாவல். அவள் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவள். பை அடுக்குவதற்கும் ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டிருந்தாள். கேபிள்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பியூனைப் பற்றிச் சொல்லும்போது தட்டைத் தள்ளி வைத்தார்.

"இதென்னங்க கூத்து?" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டே. "எங்க லைப்ரரில ஒரு புத்தகத்துக்கு ரெண்டு கார்டு இருக்கும். எழுதினவங்க பேர்ல ஒண்ணு, புத்தகத்தோட பேர்ல ஒண்ணு. ரெண்டு கார்டு இருக்குன்னு எவனாவது புத்தகத்தைக் கிழிப்பானா?"

"இவங்க கிழிப்பாங்க."

"அப்போ பேசாம ஒரு கார்டை உருவி ஒளிச்சு வச்சிடுங்க. ரெண்டாவது தெரியலேன்னா அவங்களுக்கும் ஒண்ணும் இருக்காதுல்ல?"

கேபிள்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பச்சை வயரை உருவிவிட்டால் போதும்! சர்வர் சிவப்பு வயர் வழியாக மட்டும் பார்க்கும். திரையில் ஒரே டிஸ்க் தெரியும். டிஸ்க்குக்கு ஒரு கீறல் விழாது. "நீ இந்த ஆணையத்துக்கே தலைவியா இருக்க வேண்டியவ" என்றார். "ரெண்டு படி ஏற விடுங்க முதல்ல" என்றாள் அவள். அந்த ஒரு வாரத்தில் அவர்கள் சிரித்தது அன்றைக்குத்தான்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கே அவர் சர்வர் அறைக்குப் போய்விட்டார். அந்த அறைக்குள் போனும் காகிதமும் கொண்டுபோகக் கூடாது, வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வயரில் குறி போடும் மார்க்கர் பேனா ஒன்றுக்குத்தான் அனுமதி. பச்சை வயரை உருவினார். இரண்டு வரி ஒரு வரி ஆனது. மனம் லேசாகி, மனைவியின் பக்கத்தைத் திரையில் திறந்து பார்த்தார். அவள் பெயர், எண், தகப்பனார் பெயர், கணவர் பெயர், கடைசியில் வெள்ளி, காலை ஒன்பது. எல்லாம் அப்படியே இருந்தது.

அப்போது நீக்கல் அதிகாரி உள்ளே வந்தார். அவரே டிஸ்க் பட்டியலை வரவழைத்துப் பார்த்தார். ஒரே வரி. முகத்தில் திருப்தி படர்ந்தது.

"இன்னொண்ணு?"

"எடுத்தாச்சு சார்."

"எங்க போச்சு?"

மனைவியை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகும் அவசரம். மணி ஒன்பதாகப் போகிறது. "வயரோட அந்தப் பக்கம் போயிடுச்சு சார்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுக் கேபிள்காரர் கிளம்பினார். போகிற போக்கில், திரும்பி வந்ததும் பார்க்கலாமே என்று மனைவியின் பக்கத்தைத் திரையில் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனார்.

அவர் திரும்பி வரும்போது மணி இரண்டு. தள்ளுவண்டி ஒன்று வருவதற்காகக் கேட் திறந்தே கிடந்தது. வண்டி முற்றத்தில் நின்றது. அதன் மேல் ஸ்டோரேஜ் பெட்டி, மூடி கழற்றப்பட்டு. உள்ளிருந்த தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒருவர் டிரில்லால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். தகட்டுக்கு நான்கு ஓட்டை, நான்கு மூலையிலும், கோணல் இல்லாமல். பக்கத்தில் நின்று நீக்கல் அதிகாரி எண்ணிக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க. நீங்க சொன்ன மாதிரியே பச்சை வயரைப் பிடிச்சுக்கிட்டு போனோம். அதோட மறுமுனையில இருந்தான், ஒளிஞ்சுக்கிட்டு."

"சிவப்பு வயரும் அதுலதானே சார் இருந்துச்சு?" என்றார் கேபிள்காரர்.

"இருந்துச்சு. உத்தரவுல சிவப்பு வயர் இல்லையே. அதுக்கு ஒரு சேதமும் வராம பக்குவமா உருவி, சுவத்துல மாட்டி வச்சிருக்கோம்."

கேபிள்காரர் ஓடினார். சர்வர் அறையில் சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் அவருக்கு அதிகப் பயத்தைத் தந்தது. டிஸ்க் போனது அதற்குத் தெரியாது. கடைசியாகப் படித்தது நினைவில் இருக்கும்வரை அது ஓடும். புதிதாக எதைக் கேட்டாலும் விழிக்கும். அணைத்தால், மறுபடி எழுந்திருக்கப் போய்ப் பார்க்க இடமில்லை. திரையில் அவர் காலையில் திறந்துவைத்த ஒரே பக்கம் அப்படியே நின்றது. நாற்பத்தொரு லட்சம் பேரில் மிச்சம் அவர் மனைவி ஒருத்திதான்.

அச்சு எடுக்கலாம் என்றால் அச்சு இயந்திரம் நான்காவது மாடியில், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் திறப்பார்கள். இரண்டாவது கையெழுத்துக்காரர் பணியிடம் மிகை என்று போன மாதம் நீக்கப்பட்டிருந்தது. காகிதம் இல்லை, போன் இல்லை. அவர் சட்டைக் கையைச் சுருட்டி, மார்க்கர் பேனாவால் தன் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அவள் எண்ணை எழுதினார். பதினோரு இலக்கம். அவசரத்தில் ஏழு ஒன்று போலாகிவிட்டது. அதன் மேலேயே அழுத்தி இன்னொரு முறை எழுதினார்.

நான்கு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு நீக்கலுக்குப் பிறகும் தலைமைப் பதிவாளர் முன்னிலையில் இயந்திரத்தை ஒரு முறை அணைத்துப் போட வேண்டும் என்பது மரபு. சர்வரின் தலையில் ஒரு பூச்சரம்கூட வைத்திருந்தார்கள்.

கேபிள்காரர் பொத்தானுக்குக் குறுக்கே போய் நின்றார். வாழ்நாளில் யாருக்கும் குறுக்கே நிற்காத மனிதர். "ஐயா, கும்பிட்டுக் கேட்டுக்கறேன். அணைக்காதீங்க. இனிமே இது எழுந்திருக்காது. உள்ள ஒரே ஒரு பக்கம்தான் மிச்சம் இருக்கு. என் வீட்டுக்காரியோட பக்கம். நாளைக்கு அவளுக்கு ஆபரேஷன்."

தலைமைப் பதிவாளர் அவர் தோளில் கை வைத்தார். உண்மையான பரிவு அந்தக் கையில் இருந்தது.

"எனக்கும் குடும்பம் இருக்கு. எங்க வீட்டுல எல்லார் பேரும் இதே பதிவேட்டுலதான் இருக்கு. நான் பயப்படறேனா? மிகையானதைத்தானே எடுத்திருக்கோம். மிகையானதை எடுத்தா எப்படிக் குறையும்?" அவர் அந்தத் தோளை மெதுவாக, மிக மெதுவாக ஒரு பக்கம் தள்ளினார். அதற்குள் இரண்டு பேர் வந்து கேபிள்காரரின் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

பொத்தான் அமுங்கியது. திரை கறுத்தது. பதிவாளர் மறுபடி அமுக்கினார். விசிறிகள் சுழன்றன. கைதட்டினார்கள்.

கறுப்புத் திரையில் ஒரு வரி தோன்றியது. முதல் வழியில் தேடுகிறது. பிறகு இன்னொரு வரி. இரண்டாவது வழியில் தேடுகிறது. பிறகு மறுபடி முதல் வழி. கைதட்டல் மெல்ல ஓய்ந்தது. நீக்கல் அதிகாரி குனிந்து பார்த்தார்.

"எத்தனை டிஸ்க் காட்டுது?" என்றார் தலைமைப் பதிவாளர்.

"ஒண்ணும் காட்டல ஐயா."

"அப்போ ரெட்டை இல்ல."

"ஒரு ரெட்டைகூட இல்ல ஐயா. ஊர் முழுக்க."

தலைமைப் பதிவாளர் அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். கேட்டில் தன் எண்ணைச் சொன்னார். கேட் திறக்கவில்லை. காவலாளி மரியாதையாக எழுந்து நின்று, அப்படி ஓர் எண் இல்லை என்றார். தலைமைப் பதிவாளர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்பக்கமாக, நேற்றுப் பியூன் நின்ற இடத்துக்கு எதிரே நின்றார்.

எண் கேட்கப்படாத சரக்கு லாரி ஒன்று வெளியேறும்போது அதை ஒட்டிக்கொண்டு கேபிள்காரர் எப்படியோ வெளியே வந்தார். மறுநாள் காலை எட்டரைக்கு மனைவியோடு ஆஸ்பத்திரியில் நின்றார். பை தோளில். வரிசை தெரு முனை வரை நீண்டிருந்தது. யாரும் சத்தம் போடவில்லை. ஒவ்வொருவராக ஜன்னலுக்குப் போனார்கள், தங்கள் எண்ணைச் சொன்னார்கள், பக்கத்தில் ஒதுங்கி நின்றார்கள். ஒதுங்கி நின்றவர்கள் கூட்டம் வரிசையைவிடப் பெரிதாகிவிட்டது.

அவள் முறை வந்தது. ஜன்னலுக்குள் இருந்த பெண்ணுக்குக் கண்கள் சிவந்திருந்தன. கேபிள்காரர் சட்டைக் கையைச் சுருட்டிக் கையை ஜன்னலுக்குள் நீட்டினார். அந்தப் பெண் அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பதினோரு இலக்கத்தையும் தட்டினாள். காத்திருந்தாள்.

"நம்பர் இல்லைங்களே."

"பேர்ல பாரும்மா" என்றாள் மனைவி, கம்பியைப் பிடித்து மூச்சை இழுத்தபடி. "அப்பா பேர்லயும் இருக்கும். இவர் பேர்லயும் இருக்கும்."

அந்தப் பெண் தட்டினாள். மறுபடி தட்டினாள். உள்ளே மணி ஒன்பது அடித்தது. ஆபரேஷன் அறையின் கதவைத் திறந்து யாரோ எட்டிப் பார்த்துவிட்டு மூடினார்கள்.

"அப்பா பேர்ல பார்த்துட்டேன். வீட்டுக்காரர் பேர்லயும் பார்த்துட்டேன். ரெண்டு வழியிலயும் இல்லம்மா."

"நான் இங்கதானேம்மா நிக்கறேன்."

"நிக்கறது தெரியுதும்மா" என்றாள் ஜன்னல் பெண், அழுகையை அடக்கிக்கொண்டு. "கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க."